அத்திமரத்துக்குப் பாசித்தண்ணீர்

ஏணியில் நின்றபடி மரப்பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உயிருள்ள அத்தி என்றால் பால் கசிய வேண்டும். வரவில்லை. ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி கீறினாள். ஏதோ ஈரம் கசிந்தது. அது அத்திப்பாலா, காலைப் பனியா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. விரலை முகர்ந்தாள். கடற்பாசி வாடைதான் வந்தது. கொஞ்ச நாளாக அவள் கையிலும், தலையணையிலும், வண்டி இருக்கையிலும் அதே வாடைதான்.

"பால் வந்துச்சா?" கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கணவன் கேட்டான்.

"வரும்."

"வரும்னா வரலைன்னு அர்த்தம்."

மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதுதான் இருவரின் தொழில். கிரேன் அவன் கையில், மண்ணும் தண்ணீரும் அவள் பொறுப்பில். இதுவரை நட்டதெல்லாம் ஆள் உயர மரங்கள். இவ்வளவு பெரிய மரம் இதுதான் முதல் தடவை. சாலையை அகலப்படுத்தும்போது பள்ளிக்கூட வாசலில் நின்ற அத்திமரம் குறுக்கே வந்தது. தலைமையாசிரியை நடையாய் நடந்து, வெட்டாமல் மைதானத்தின் பின்பக்கம் நகர்த்த அனுமதி வாங்கினார். நகர்த்தியும் ஆயிற்று. நட்ட கையோடு மரம் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. நின்றதுதான், துளிர்விடவே இல்லை.

கடற்பாசிச் சாறு ஊற்றலாம் என்றது அவள்தான். முன்பு நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தபோது, துவண்ட கன்றுகள் அதைக் குடித்துவிட்டு நிமிர்வதைப் பார்த்திருக்கிறாள். அது உரமில்லை. வளரச் சொல்லி மரத்துக்குள் ஓடும் பொருட்கள் சில உண்டே, அதே மாதிரியானவை பாசியிலும் இருக்கின்றன. அடிபட்ட வேரை அவை தட்டி எழுப்பும், மரத்துக்கு வாட்டத்தைத் தாங்கும் தெம்பு தரும் என்று பண்ணை மேலாளர் சொல்லியிருந்தார். கூடவே ஒன்றும் சொல்லியிருந்தார்: அளவு மீறினால் வளரவிடாமல் அதுவே அமுக்கிவிடும். முதல் தடவை அளந்துதான் கலந்தாள். இரண்டாவது தடவை மொட்டைக் கிளைகளைப் பார்த்த பதற்றத்தில் கேனை அப்படியே சாய்த்துவிட்டாள். அதை அவனிடம் சொல்லவில்லை. வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

நேற்றுச் சாப்பிடும்போது சண்டை வெடித்தது. "செத்த மீன் நாத்தத்தை ஊத்தி ஊத்தியே மரத்தைக் கொன்னுட்ட" என்றான். "வேரை ஒட்ட வெட்டினது யாரு? இன்னும் ஒரு முழம் விட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று அவளும் விடவில்லை. அவன் முகம் சுண்டிவிட்டது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனான். கல் தன் வயிற்றில் மட்டுமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது தலைமையாசிரியை வந்துகொண்டிருந்தார். பின்னால் ரம்பத்தைத் தோளில் சாய்த்தபடி மரம் வெட்டுபவர்.

"தப்பா நினைக்காதம்மா" என்றார் தலைமையாசிரியை. "பெத்தவங்க தினமும் கேக்கறாங்க. காஞ்ச கிளை பிள்ளைங்க தலையில விழுந்தா நான் என்ன பதில் சொல்றது?"

அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். "மேல பாத்தா தெரியாது மேடம். மரம் எழுந்திருச்சா முதல்ல வேர்லதான் தெரியும். ஒரே ஒரு இடத்துல தோண்டிப் பாத்துடறேன். அப்புறம் உங்க இஷ்டம்."

மண்வெட்டியை எடுக்கப் போனவளைத் தடுத்து, கணவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். "மண்வெட்டி வேணாம். புது வேர் இருந்தா அறுந்துடும்." வெறுங்கையால் மண்ணை அள்ளத் தொடங்கினான். அவளும் எதிரே உட்கார்ந்து அள்ளினாள். ஈரமண், சிறுகல், கருத்த பழைய வேர். அவன் ரம்பம் பட்ட இடம் தட்டையாகத் தெரிந்தது. அவன் கை நின்றுவிட்டது.

அந்த வெட்டுவாயைச் சுற்றித்தான் புது வேர்கள் இருந்தன. நூல்நூலாக, வெள்ளைவெளேரென்று, குழந்தையின் ஈறில் எட்டிப்பார்க்கும் முதல் பல் போல. ஒன்றிரண்டு இல்லை, கொத்துக்கொத்தாக. அவள் ஊற்றிய ஈரத்துக்குள் நுனி நீட்டி இறங்கிக்கொண்டிருந்தன.

"இங்க பாரு" என்றான். கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டான்.

"நான் ரெண்டாவது தடவை அளவு பாக்காம ஊத்திட்டேங்க" என்றாள் அவள், சிரிப்பும் அழுகையுமாக.

"நல்ல வேளை, இப்பவாவது சொன்னியே. நேத்தே சொல்லியிருந்தா நிம்மதியா உன்னைத் திட்டிட்டுத் தூங்கியிருப்பேன்."

மரம் வெட்டுபவர் ரம்பத்தைப் புல்லில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "அட, உசுரோட இருக்கே!" பிறகு யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல, "காஞ்ச நுனியை மட்டும் கழிச்சு விட்டுடறேன் மேடம். பிள்ளைங்களுக்குப் பயமில்ல" என்றார்.

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "நானும் பாக்கலாமா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் மண்டியிட்டுவிட்டார். மூக்குக்கண்ணாடி வழுக்கிக் குழிக்குள் விழப்போனதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை மண்ணில் ஊன்றித் தலையை உள்ளே விட்டார்.

மணி அடித்தது. மைதானத்துக்கு ஓடிவந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். மொட்டை மரத்தடியில் நான்கு பெரியவர்கள், தலைகள் தெரியாமல் முதுகுகள் மட்டும் தெரிய, ஒரு குழியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். அதில் ஒரு முதுகு அவர்களுடைய தலைமையாசிரியையினுடையது. அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது.