லேமினேஷன் போட்ட மருந்துச் சீட்டு

“சீட்டு காட்டினா மாத்திரை. இல்லன்னா தள்ளி நில்லு, பின்னாடி ஆள் நிக்குது.”

“அதான் குடுத்துட்டேனே! உன் கையிலதான இருக்கு, கண்ணு தெரியலையா?”

“இது சீட்டா? பஸ் பாஸ் மாதிரி லேமினேஷன் போட்டு வச்சிருக்க!”

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவள் ஜோசலின். கிழக்குத் தாம்பரத்தில் அந்த மருந்துக்கடையின் பார்மசிஸ்ட். இந்தப் பக்கம், மின்விசிறிக் காற்றிலும் வியர்த்துக்கொண்டு நின்றவன் அவள் கூடப்பிறந்த தம்பி காலேப். பள்ளி வேன் ஓட்டுகிறவன். மூன்று மணிக்குப் பள்ளி விடும். மணி இரண்டு.

“இன்னாமா, மருந்து சீட்டுக்கு லேமினேஷனா? என் ரேசன் கார்டே நாலா கியிஞ்சு கீது,” என்றார் பிரஷர் மாத்திரைக்காக நின்ற ஜெயவேலு.

“உன் வேலையப் பாரு பெருசு,” என்று சீறினான் காலேப்.

மூன்று மாதத்துக்கு முன் கேம்ப் ரோட்டில் மழைத்தண்ணீரில் பைக் வழுக்கி அவனுக்கு வலது தோள் எலும்பு முறிந்தது. முதல் நாட்களில் மூச்சு விட்டாலே உயிர் போனது. டாக்டர் ஐந்து நாளுக்கு ஒரு கடுமையான வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டதும் வலி மட்டுமா போனது? பைக் தவணை, வேன் ஓனரின் ஏச்சு, எல்லாமே தண்ணீருக்கடியில் கேட்கும் சத்தம் மாதிரி தூரமாய்ப் போயின. ஆறாம் நாள் அவன் அந்தச் சீட்டோடு லேமினேஷன் கடைக்குப் போனான். லைசென்ஸிலிருந்து பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வரைக்கும் எல்லாவற்றையும் அங்கேதான் போடுவான், யாரும் சந்தேகப்படவில்லை.

ஜோசலின் கடை முத்திரையை எடுத்து அந்தச் சீட்டின் மேல் குத்தினாள். பிறகு கட்டைவிரலால் ஒரு இழு. ஊதா மை முழுசாய் வந்துவிட்டது.

“இப்படித்தான ஒவ்வொரு கடையிலயும்? மாத்திரை குடுத்தாச்சுன்னு அவங்க முத்திரை குத்துவாங்க, நீ வெளிய போய் கர்ச்சீப்பால தொடைப்ப. தேதியப் பாக்காத கடையா தேடிப் போயிருக்க.”

காலேப் கையிலிருந்த கர்ச்சீப்பைப் பாக்கெட்டுக்குள் திணித்தான். அந்தக் கடைகளும் இப்போது அவன் தலையைக் கண்டாலே கையை விரிக்கின்றன. அதனால்தான் கடைசியில் இங்கே வந்து நிற்கிறான்.

“நேத்து சிட்லபாக்கம் ஏரிக்கிட்ட நீ கண்ணசந்து வேன் நடைபாதை மேல ஏறிச்சாமே? பின்சீட்டு சினேகா ‘அங்கிள்’னு கத்தலன்னா என்னடா ஆயிருக்கும்?”

“யாரு சொன்னா?”

“அவ அம்மா. இதே எடத்துல நின்னு.”

“எனக்கு வலிக்குதுக்கா! ராத்திரி பூரா குடையுது. கைய அசைக்க முடியல. நீ அக்காவா, எமனா? குடுடி ஒரு அட்டை!”

சொல்லிக்கொண்டே அடிக்க ஓங்கிவிட்டான். வலது கை. காதைத் தாண்டித் தலைக்கு மேலே போய் நின்றது.

ஜோசலின் பின்வாங்கவில்லை. அந்தக் கையையே பார்த்தாள். ஜெயவேலுவும் பார்த்தார். அப்புறம் காலேப்பும் அண்ணாந்து பார்த்தான், யாரோ அன்னியனின் கையைப் பார்ப்பதுபோல.

“அசைக்க முடியாத கையா அது?” என்றாள் அவள். குரலில் இரக்கமே இல்லை. “உனக்கு வலிக்கலன்னு சொல்ல மாட்டேன். உடம்பெல்லாம் வலிக்கும், வேர்க்கும், தூக்கம் வராது. ஆனா அது எலும்பு வலி இல்ல, மாத்திரை கேக்குற வலி. அடிபட்டப்ப வலியப் பொறுத்துக்கோன்னு யாரும் சொல்லல. அதுக்குத்தான் டாக்டர் மருந்து குடுத்தாரு. அவரு சொன்ன அளவு, அவரு சொன்ன நாள். அதுக்கு மேல நீயாப் போடுற ஒவ்வொண்ணும் மருந்து இல்லடா, விஷம்.”

“அப்ப இன்னியோட நிறுத்திடுறேன், போதுமா?”

“அதையும் நீயா செய்யாத. டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லு. கொஞ்சம் கொஞ்சமா எப்படிக் கொறைக்கணும்னு அவரு சொல்லுவாரு.”

கை மெல்லக் கீழே இறங்கியது. வேன் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தான். ஓனருக்குப் போன் செய்து மூணு மணிக்கு வேறு டிரைவரை அனுப்பச் சொன்னான். அந்தப் பக்கம் வசவு விழுவது ஜெயவேலுவுக்கே கேட்டது. கேட்டுக்கொண்டு நின்றான்.

“வலிக்காக மாத்திரை போட ஆரம்பிச்சேன்,” என்றான் யாரையும் பார்க்காமல். “இப்ப மாத்திரைக்காக வலிக்குது.”

ஜோசலின் சீட்டை இரண்டாகக் கிழிக்கப் பார்த்தாள். பிளாஸ்டிக், கிழியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ஜெயவேலுவின் சீட்டை வாங்கப் போனாள்.

“அக்கா…”

அவள் திரும்பவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு நீயும் கூட வர்றியாக்கா? தனியாப் போனா, அங்கயும் பொய்தான் சொல்லுவேன்.”