ரோகிணியின் லேப்டாப்

பூண்டு காய்கிற பரணில் லேப்டாப்பை வைக்கலாம் என்று கொடைக்கானல் மேல்மலைக்காரர்களுக்குத்தான் தோன்றும். மழைக்காலத்தில் மஞ்சு மூட்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் தீப்பெட்டிகூட நமத்துப்போகும். அடுப்புப் புகை பூண்டைக் காப்பாற்றுகிறது, லேப்டாப்பையும் காப்பாற்றும் என்று நம்பினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்கள் அப்படித்தான் கரி பிடித்து, பூண்டு வாடையோடு, உயிர் போய்க் கிடந்தன.

தமயந்தி இயற்பியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பியவள். நாலு பேர் பார்த்தால் தரையைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள்தான் அந்த லேப்டாப்களை வீடு வீடாகப் போய்க் கேட்டாள். அவற்றை வாங்கிய ரோகிணி கல்யாணமாகி ஒட்டன்சத்திரத்தில் இருந்தாள், நதியா பழனியில், ராஜகுமாரி வேறோர் ஊரில். அவர்களிடம் போனில் கேட்டு, அம்மாக்களிடம் போய் வாங்கிக்கொண்டாள். உள்ளே விசிறியில் அடைந்திருந்த கரியைப் பழைய பிரஷ்ஷால் சுரண்டினாள். அவளுடையதையும் சேர்த்து ஆறு பிழைத்தன. இத்தனை பழசுக்கு விண்டோஸ் தாங்காது என்று ஆறிலும் லினக்ஸ் ஏற்றினாள். ஊர்க்கூட்டம் நடக்கிற சாவடியை ஒட்டி, அதன் வழியாகவே நுழைகிற அறையில் பெஞ்சு போட்டு வரிசையாக வைத்தாள். சாயங்காலமானால் பிள்ளைகள் வந்தார்கள்.

எந்த கேமை வைப்பது என்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. லினக்ஸுக்கு இலவச கேம்கள் எக்கச்சக்கம். ஆனால் இந்த ஊரில் பேசுகிற அளவுக்குத்தான் டவர் எடுக்கும். நெட் கேட்கிற கேம் ஆகாது. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் மிரட்டுவது ஆகாது. அடிப்பது, சுடுவது ஆகாது. ஒரு பிள்ளையை மணிக்கணக்காக எழவிடாமல் பிடித்துவைப்பது ஆகவே ஆகாது. இருப்பது ஆறு மெஷின், வருவதோ பெரிய கூட்டம். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆட வேண்டும். கொடைக்கானலுக்குப் போகும்போதெல்லாம் பிரவுசிங் சென்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றையும் தானே தோற்கும்வரை ஆடிப் பார்த்தாள். பாதிக்கு மேல் தள்ளினாள்.

கடைசியில் நின்றவை கொஞ்சம்தான். தமிழில் எழுத்தும் கணக்கும் காட்டுகிற ஜிகாம்ப்ரி. படம் வரைய டக்ஸ் பெயிண்ட். பனியில் பெங்குவின் குதித்தோடுவது ஒன்று. வலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு உருண்டைகள் நின்று பந்து தட்டுவது ஒன்று. அந்தப் பந்துக்குத்தான் அடிதடி. அதில் தாரணி என்கிற பெண்ணை ஜெயிக்க ஆள் இல்லை. ஜீப் ஓட்டுகிற ஞானவேலின் மகன் குமரகுரு அவளிடம் தினமும் தோற்றான். ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் ஞானவேல் பென்டிரைவோடு வந்தான். இளைஞர் சங்கத் தலைவர் அவன்தான்.

"என்ன கேம் புள்ள இது? ரெண்டு கொழுக்கட்டை நின்னு பந்து தட்டுது. ஆம்பளப் புள்ள வெளையாடுறதா இது? இந்தா, இதப் போடு. துப்பாக்கி, டாங்கி எல்லாம் இருக்கு."

"அது இதுல ஓடாதுண்ணே. விண்டோஸுக்கு உள்ளது."

"அப்ப டப்பா லேப்டாப்புன்னு சொல்லு."

அவள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள்.

அமாவாசைக்கு ஊர்க்கூட்டம். வீட்டுக்கு ஓர் ஆண் சாவடிக்குள் உட்காருவார். கூட்டத்தன்று பெண்கள் படிக்குக் கீழே நின்று கேட்கலாம், பேசக் கூடாது. சாவடிக்குள் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் அது ஊர்ப் பொது என்பதும் அங்கே பழக்கம். குத்துவிளக்கோ அண்டாவோ, வைத்தவர் திருப்பிக் கேட்டதில்லை. ஞானவேல் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"லேப்டாப்பு சாவடிக்குள்ள வந்துருச்சு. ஊர்ப் பொருளுங்க. டவுன்ல எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான், இருக்கறதப் பூராம் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தருவான். சாவி சங்கத்துல இருக்கட்டும்."

ஊர்த்தலைவர் சுப்புராஜ் தலையாட்டினார். தமயந்தியின் அப்பா பொன்னுவேல் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற?"

"ஊரு பாத்துச் செஞ்சாச் சரிங்க. புள்ளைக்கு என்ன தெரியும்?"

தமயந்தி படிக்குக் கீழே நின்று கேட்டாள். என்ன தெரியுமா? எந்த மெஷின் சூடாகி அணையும், எதில் ஸ்பேஸ் பட்டன் ஒட்டிக்கொள்ளும், எந்தப் பிள்ளைக்கு எந்த கேம் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. ஞானவேல் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. அதைவிடப் பெரிதாகத் தன் வாயின் மேல் வந்தது.

போனை எடுத்து ரோகிணிக்குப் போட்டாள்.

"அக்கா, ஒங்க லேப்டாப்ப ஊரு எடுத்துக்கிச்சு. பூராம் அழிக்கப்போறாங்க."

"என்னது? ஸ்பீக்கர்ல போடு."

தமயந்தி கையை நீட்டி, போனைச் சாவடியின் மேல்படியில் வைத்தாள். ரோகிணி புருஷனின் காய்கறிக் கமிஷன் கடையில் லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவள்.

"எவன்டா அது, ஏ லேப்டாப்பத் தொடுறது?"

கூட்டம் அடங்கியது. சுப்புராஜ் போனைக் குனிந்து பார்த்தார். "யாரும்மா பேசுறது?"

"நாந்தான் மாமா, ஆண்டிச்சாமி மக ரோகிணி. நல்லாயிருக்கீகளா?"

"இருக்கேன். இது பொம்பளைக பேசுற எடமாம்மா?"

"நான் எங்க மாமா சாவடிக்குள்ள இருக்கேன்? ஒட்டன்சத்திரத்துல தக்காளிக் கூடைக்கு நடுவுல நிக்கிறேன். அந்த லேப்டாப்பு ஏ பேருல சர்க்கார் குடுத்தது. பிள்ளைக வெளையாடட்டும்னு தமயந்திகிட்டக் குடுத்தேன். ஊருக்கு எப்பக் குடுத்தேன்?"

ஞானவேல் எழுந்தான். "கட்டிக்குடுத்து வெளியூரு போனவளுக்கு இங்க என்ன பாத்தியத இருக்கு?"

"ஏலே ஞானவேலு, நீதானா? ஒனக்கும் அன்னைக்கு ஒண்ணு குடுத்தாகல்ல? அது எங்கலே? வாங்குன வாரமே வத்தலக்குண்டுல வித்து செல்போன் வாங்குனவன்தான நீ? பஸ்ஸுல எனக்கு முன்சீட்டுல உக்காந்துதான வந்த?"

படிக்குக் கீழே ஒரு சிரிப்பு கிளம்பியது. உள்ளே ஆண்களிலும் ரெண்டு பேர் துண்டால் வாயை மூடினார்கள்.

"பொய் சொல்றா!"

"இரு, நதியாளையும் லைன்ல போடுறேன். அவ என்னய மாதிரி மரியாதையாப் பேச மாட்டா. மாமா, கேட்டுக்கங்க. தமயந்தி கைய விட்டு அது வேற கைக்குப் போச்சுன்னா, வெள்ளனே பஸ் ஏறி வந்து சாவடி வாசல்லயே உக்காந்துருவேன். ஏ மாமியாளையும் கூட்டிட்டு வருவேன்."

சுப்புராஜ் தாடையைச் சொறிந்தார். "சரிம்மா, சரி. பேரு இருக்கவுக பொருளு அவுகளுக்கு. மத்தது ஊருக்கு."

ரோகிணி, நதியா, ராஜகுமாரி, தமயந்தி. நாலு போக மிச்சம் இரண்டு. அவற்றை வாங்கிய பையன்களின் அப்பாக்கள் கூட்டத்தில்தான் இருந்தார்கள். ஊருக்கே இருக்கட்டும் என்றார்கள்.

அந்த அறைக்குச் சாவடி வழியாகத்தான் போக வேண்டும். தமயந்தி படியேறினாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலை இழுத்துக்கொண்டார்கள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. நாலு லேப்டாப்பையும் சார்ஜரோடு சாக்கில் போட்டாள்.

"ரெண்ட விட்டுட்டுப் போற. ஞாபகம் இருக்கட்டும்" என்றான் ஞானவேல்.

"விட்டுட்டுத்தாண்ணே போறேன். அழிச்சுக்கங்க. பிள்ளைக வந்து பந்து எங்கன்னு கேட்டா, நீங்களே பதில் சொல்லுங்க."

அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பொன்னுவேல் நிலையை மறித்து நின்றார்.

"ஊரு முன்னாடி என்னயத் தலகுனிய வச்ச. இப்ப கூட்டத்தையும் வீட்டுக்குக் கொண்டாந்துட்ட. இந்த வீட்டுக்குத் தலக்கட்டு நானா நீயா?"

"நீங்கதான்ப்பா. அதான் அங்க எனக்காக நீங்க பேசியிருக்கணும்."

அவர் வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"வழிய விடுங்கப்பா. வெளிய குளிருது."

அவர் நகர்ந்தார். பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். நாலு மெஷின்தான் என்று தெரிந்ததும் தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. மூன்று மூன்று பேராக உட்காரவைத்தும் இடம் போதவில்லை. ஒரு கீபோர்டில் மூன்று பேர் ஆடுகிற கேம் அவளிடம் ஒன்றுகூட இல்லை. மறுபடி கொடைக்கானலுக்குப் போக வேண்டும், மறுபடி இறக்க வேண்டும், மறுபடி ஆடிப் பார்த்துத் தள்ள வேண்டும். சாவடியில் இரண்டு மெஷின் பூட்டிக் கிடந்தது. அதை நினைக்க நினைக்கப் பல்லைக் கடித்தாள்.

"அடுத்து என்ன கேம் வேணும்? சொல்லுங்க."

இதுவரை அவள் அப்படிக் கேட்டதில்லை. பிள்ளைகள் முழித்தார்கள். தாரணிதான் சொன்னாள்.

"அடிக்கிறது எதாச்சும் போடுங்கக்கா. நல்லாப் போட்டு அடிக்கிற மாதிரி."

"யார அடிக்கணும்?"

"அது யாரா இருந்தா என்னக்கா?"

போன வாரமாக இருந்தால் கூடாது என்றிருப்பாள்.

"தேடிப் பாக்குறேன்" என்றாள் தமயந்தி.