கண்டக்டர் கொண்டுவந்த பாட்டில்

கர்ப்பப் பரிசோதனைக்கு வந்திருந்த தங்கைக்கு டாக்டரம்மா இரண்டாம் முறையும் பிரஷர் பார்த்தார். சரியாகவே இருந்தது. கணுக்காலை அழுத்திப் பார்த்தார், வீக்கமே இல்லை. ஆனால் மேசைமேல் கிடந்த லேப் சீட்டு வேறு கதை சொன்னது. சிறுநீரில் புரதம் ஏகத்துக்கும் கலந்திருந்தது.

"தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா?"

"இல்லைங்க டாக்டர்."

"அப்ப லேப்புலதான் ஏதோ குழப்பம். நாளைக்கு மறுபடியும் குடுங்க."

குழப்பம் லேப்பில் இல்லை என்பது தங்கைக்குத் தெரியும். அந்தச் சிறுநீர் அவளுடையதே அல்ல, அக்காவுடையது.

பின்னே என்ன செய்வாள்? தங்கை நகரத்துக்காரி, செருப்புக் கடையில் வேலை. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். மாதம் தவறாமல் வந்து காட்டிவிட்டு, வேலைக்கு மணி அடிப்பதற்குள் கடைக்குப் போய்விடுவாள். அக்கா வாழ்க்கைப்பட்டது, பஸ்ஸே போனால் போகிறதென்று எட்டிப் பார்க்கும் ஊர். அங்கேயும் ஒரு சுகாதார நிலையம் உண்டு. அதற்கு நல்ல கெட்டிப் பூட்டும் உண்டு. நர்ஸம்மா தலையைக் காட்டி மூன்று மாதமாயிற்று. சரி, இங்கேயே காட்டலாம் என்று எட்டு மாத வயிற்றோடு குலுங்கிக் குலுங்கி வந்தவளை, 'எங்க பதிஞ்சீங்களோ அங்கதான் பார்க்கணும்' என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்பினார்கள். பதிந்த இடத்தில் ஆள் இல்லை, ஆள் இருக்கிற இடத்தில் பதிவு இல்லை. நல்ல நியாயம்தான் போங்கள்!

அதனால்தான் இந்தத் திருட்டு வேலை. அக்கா காலி மருந்து பாட்டிலில் பிடித்துக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாள். 'என்னம்மா, தேனா?' என்று அவர் மூடியைத் திருகப் பார்த்தாராம். தங்கை அதை வாங்கித் தன் பெயரில் லேப்பில் கொடுத்தாள்.

இப்போது மறைத்தால் அக்கா செத்துப்போவாள். "டாக்டர், திட்டாதீங்க. அது என்னுது இல்லைங்க. எங்க அக்காவோடது" என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "திட்ட நேரமில்ல. உடனே போன் போடுங்க. விட்டா வலிப்பு வந்துடும். தாயும் போயிடும், பிள்ளையும் போயிடும்."

தங்கை அக்காவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு அக்கா, எடு. ஒருவழியாக எடுத்தாள், பின்னால் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

"என்னடி, நான் பாஸா ஃபெயிலா?"

"அக்கா, தலை வலிக்குதா? கண்ணு நல்லாத் தெரியுதா?"

"உங்க மாமா அடிக்கிற கூத்தெல்லாம் நல்லாவே தெரியுது. ஏன்?"

"விளையாடாதக்கா. உன் டெஸ்ட்டுல ரொம்ப மோசமா வந்திருக்கு."

அக்கா குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அது என்னுது மட்டும் இல்லடி" என்றாள் அக்கா. "எங்க தெருவுல மாசமா இருக்கிறது நாலு பேரு. போறது ஒரு பாட்டில்தானே. ஆளுக்குக் கொஞ்சமா ஊத்திட்டோம். குறை இருந்தா எப்படியும் காட்டிக் குடுத்துடும், இல்லேன்னா நாலு பேரும் நிம்மதியா இருக்கலாம்னுதான்."

அப்படியானால் அக்காவாக இல்லாமலும் இருக்கலாம். தங்கைக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. அடுத்த நொடியே அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மாவுக்கோ உள்ள நிறமும் போயிற்று. "நாலு பேரோடது கலந்துமா இவ்வளவு? அப்ப அந்த ஒருத்திக்கு..." பேச்சை முடிக்காமலே இன்னொரு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பிறகு இந்தப் பக்கம் குனிந்தார். "நாலு பேரையும் ஒரே இடத்துல உட்கார வைங்கம்மா. வண்டி வருது."

"மூணு பேரு இங்க குழாயடியிலதான் இருக்கோம்."

"நாலாவது ஆளு?"

"கோடி வீட்டுப் பொண்ணு. தலைப்பிள்ளை. நேத்துலேருந்து தலை விண்ணு விண்ணுனு வலிக்குதுன்னா. நான்தான் தைலம் தேய்ச்சுப் படுக்க வச்சேன். தூங்கட்டும், யாரும் எழுப்பாதீங்கன்னும் சொல்லிட்டு வந்தேன்."

"ஓடுங்க" என்றார் டாக்டரம்மா.

எட்டு மாத வயிற்றோடு எங்கே ஓடுவது? அக்கா மூச்சிரைக்க நடப்பது கேட்டது. பிறகு கதவைத் தட்டும் சத்தம். "பொண்ணே, கதவத் திற." இன்னும் பலமாகத் தட்டினாள். தங்கை இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கட்டில் தடதடவென்று ஆடும் சத்தம் வந்தது.

"அப்பாடா, முழிச்சிட்டாடி" என்றாள் அக்கா.

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். "அது முழிச்ச சத்தம் இல்லம்மா. கதவ உடைங்க."