வேலிப் பொட்டு

வீரன் வாலாட்டுவதற்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது ரூபாய் விலை. நாயின் சாப்பாட்டுச் செலவை அப்படித்தான் பார்த்தார் சுன்னாகம் வெங்காய வியாபாரி பஞ்சலிங்கம். அதை மிச்சம் பிடிக்கத்தான் வேலியில் பொட்டு வெட்டி, நாயைப் பக்கத்து வீட்டுக்கு நுழையவிட்டார். அங்கே மயிலிட்டி மீனை வாங்கி விற்கும் தியாகலிங்கத்திடம் மீன்தலைக்குப் பஞ்சமில்லை.

மாதம் முடிந்த அன்று கடையால் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார், வீரன் வரவில்லை. பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தார். தியாகலிங்கத்தின் காலடியில் கிடந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தவன், இவரைக் கண்டதும் உறுமினான்.

"குறை நினையாதேங்கோ அண்ணை, எங்கடை வீரன் பிறத்தி ஆக்களைக் கண்டால் உப்பிடித்தான்."

"எங்கடையோ?"

பொட்டை அடைக்க ஓலையை இழுத்துவந்தார். அடைத்தால் நாய் அந்தப் பக்கமே நின்றுவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓலையைப் போட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தார்.

வரவு, நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். வரவேண்டியது, ஒரு வாலாட்டல்.