மூன்று தட்டு, ஒரு பச்சைக் கதவு

மூன்று தட்டு, பிறகு ஒன்றுமில்லை, மூடிய பச்சைக் கதவின் மேல் கிளாடிஸின் ஈரக் கை அப்படியே நிற்கிறது, இடுப்பில் குடம், முகம் நம் பக்கம் இல்லை, இந்தப் பத்து நொடியை எத்தனை முறை பார்த்திருப்பேனோ, கனவில்கூட அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் நான் எடுக்க நினைத்தது இது இல்லை, கிளாடிஸ் தானே எழுதித் தானே பாடிய பாட்டு, படமாக்குவது நான், முதல் ஷாட்டுக்காக இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன், முதல் ஷாட் வாசற்படி மாதிரிடி, அங்கேயே தடுக்கினால் யாரும் உள்ளே வரமாட்டார்கள், நீ குடத்தோடு நாலு மாடி ஏறி, மொட்டைமாடியில் திரும்பி, பாட்டின் முதல் அடிக்கு கேமராவை நேராகப் பார்க்கிறாய், சரியா, அவள் சிரிக்கிறாள், நாலு மாடி பொறந்ததுலேர்ந்து ஏறினுகீறேன்க்கா, நீ பாத்து ஏறு.

எங்களுக்கு இருந்தது அந்த ஒரு காலைதான், அவளுடைய குடியிருப்பில் எல்லோரும் காலி செய்துவிட்டார்கள், மதியம் இடிக்கும் வண்டி வருகிறது, ஐந்து முறை ஏறினாள், ஐந்தாவதில் பார்த்தாளே ஒரு பார்வை, எனக்குப் புல்லரித்துவிட்டது, இன்னாக்கா, நல்லா வந்துச்சா, பிரமாதம்டி, கட்டிப் பிடித்துக்கொண்டோம், நாங்கள் வெளியே வரும்போது வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.

மறுநாள் எடிட்டில் உட்கார்ந்தால் அந்தப் பார்வையைக் காணோம், கேமரா பிடித்த டில்லிபாபு பேயறைந்தவன் மாதிரி நிற்கிறான், முதல் தடவையே பதற்றத்தில் பட்டனை இரண்டு முறை அழுத்தியிருக்கிறான், அதிலிருந்து எல்லாம் தலைகீழ், ஆக்‌ஷன் சொன்னபோதெல்லாம் கேமரா நின்று, கட் சொன்னபோதெல்லாம் ஓடியிருக்கிறது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை, திரும்ப எடுக்கக் கட்டடமே இல்லை, வாய்விட்டு அழுதேன், அழுதுகொண்டே மிச்சத்தை ஓடவிட்டேன், அவன் செருப்பு, டீ கிளாஸ், என் முதுகு, பிறகு இது, படியில் அவன் வைத்துவிட்டுப் போன கேமராவுக்கு முன்னால் கிளாடிஸ் ஒத்திகைக்காக மறுபடி குடம் நிரப்பி ஏறி வருகிறாள், மூன்றாம் மாடிக் கதவைத் தட்டுகிறாள், அங்கே கீழ்க் குழாயில் தண்ணீர் வந்தால் முதல் குடத்தோடு ஏறுகிறவள் வழியெல்லாம் கதவைத் தட்டித் தெரிவித்துக்கொண்டே போக வேண்டும், எழுதாத சட்டம், கை பழக்கத்தில் தட்டிவிட்டது, உள்ளே குடியிருந்த சாந்தகுமாரி அக்கா காலி செய்து போயாயிற்று என்பது பிறகுதான் உறைக்கிறது, கை நிற்கிறது, என் அழுகையும் நின்றது, இதுதான் முதல் ஷாட்.

பாட்டை வெளியிடும் சேனல்காரர் தலையைச் சொறிந்தார், முகமே காட்டலன்னா விரலால தள்ளிட்டுப் போயிடுவாங்க மேடம், தள்ளுகிறவர்கள் தள்ளட்டும் சார், அந்தக் கை எதற்கு நிற்கிறது என்று தெரியாமல் யாரும் நகர மாட்டார்கள், எழுதிக் கொடுக்கிறேன், என்றேன், கிளாடிஸ் மட்டும் மெதுவாகச் சொன்னாள், எங்க பில்டிங் ஜனம் ஆளுக்கொரு மூலைல கீது, அதுங்க காதுல வுழுந்தா போதும்க்கா, அதற்குப் பிறகு எனக்கு யோசனையே இல்லை, முதலில் வரும் மேளத்தை எடுத்துவிட்டு அந்த மூன்று தட்டிலேயே பாட்டைத் தொடங்கினேன்.

வெளியான அன்று ஊருக்கு வெளியே அவளுடைய புது வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, சாயங்காலம் அவள் போனுக்கு ஒரு குரல் பதிவு வருகிறது, போட்டால் முதலில் எங்கள் பாட்டுத்தான், எங்கோ ஒரு வீட்டில் ஓடுகிறது, மூன்று தட்டு, உடனே ஒரு பாத்திரம் உருளும் சத்தம், சாந்தகுமாரி அக்காவின் குரல், தோ வந்துட்டேன்டி கிளாடிசு, குடத்த எடுத்துனு.