நாத்தனாருடையதைவிடப் பெரிசு

சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டுமென்றால் தையல்காரியின் கணவர் அடுத்த தெருவிலிருக்கும் தங்கை வீட்டுக்குத்தான் போவார். திரும்பி வந்ததும், “அவ வாங்கி வச்சிருக்கா பாரு, அதுதான் பம்ப்பு!” என்பார். தையல்காரிக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவளே கடைக்குப் போனாள்.

“உங்க சைக்கிள் டயர்ல வால்வு ஒல்லியா, தடியாம்மா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“அதெல்லாம் தெரியாது. என் நாத்தனாரோடதைவிடப் பெரிசா குடுங்க, போதும்.”

வீட்டுக்கு வந்து பம்ப்பின் அடியை மிதித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினாள். காற்று டயருக்குள் போகாமல் உஸ்ஸென்று வெளியே போனது. வேறு வழியில்லாமல் கணவர் தங்கையைக் கூப்பிட்டார். அவள் வந்து பம்ப்பின் வாயைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பரைத் திருப்பிப் போட்டு அடித்தாள். டயர் கல் மாதிரி ஆனது.

“ஒல்லி வால்வுன்னா இப்படி மாத்திக்கணும் அண்ணி. ஆனா உங்களுது எவ்வளவு லேசா இறங்குது! என்னோடதுல இடுப்பே ஒடியுது. இனிமே நானும் இங்கயே வந்து அடிச்சுக்கறேன்” என்றாள் நாத்தனார்.

அந்த முகத்தில் பொறாமை மருந்துக்கும் இல்லை. தையல்காரியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அதுக்கென்ன, தாராளமா வா” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.