இரண்டு மில்லிமீட்டர்

பம்பு மூடியின் துளையை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வரைந்து, ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கி, புது வரைபடத்தைப் பட்டறைக்கு அனுப்பியிருந்தாள் டிசைன் இன்ஜினியர். அப்படியும் முந்நூறு மூடிகள் பழைய அளவிலேயே வந்து நின்றன. சுர்ரென்று கோபம் ஏற, நேரே துளை போடும் மெஷினுக்குப் போனாள். பழைய வரைபடம் அதில் ஜம்மென்று ஒட்டியிருந்தது.

"புதுசு வரலையா அண்ணா?"

"வந்துச்சும்மா. அழுக்காகாம பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன்."

"பீரோவுக்கா வரைஞ்சேன்? பழசை ஏன் இன்னும் எடுக்கலை?"

ஆபரேட்டர் அசரவில்லை. வரைபடத்தின் அடியில் படிந்திருந்த எண்ணெயைத் துணியால் துடைத்தார். சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்தேதான்: 'என்னைக் கேட்காமல் யாரும் இதை எடுக்கக் கூடாது.'

"மூணு தடவை கேட்டு ஆள் அனுப்பினேன்மா," என்றார். "மீட்டிங்ல இருக்கீங்கன்னாங்க."